முதல் லைசென்ஸும் பிரஜையின் கடமையும்

1989-ம் வருஷம் இந்திய வாலிபர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய வருஷம். அவ்வருஷம் மார்ச்சு மாதத்தில் அரசியலமைப்பின் 61-வது திருத்தம் அமலுக்கு வந்து, வாக்களிக்கும் வயது 21-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதே வருஷம் ஜூலை 1-ந் தேதி, 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் அமலுக்கு வந்தது. பொது ரஸ்தாவில் மோட்டார் வண்டி ஓட்டுவதற்கு அச்சட்டம் வகுத்த வயதும் 18 தான். ஆகவே நமது வாலிபன் ஒருவன் 18 வயதை எட்டும்பொழுது இரண்டு அதிகாரங்களுக்கு ஒருங்கே பாத்தியமாகிறான்: தேசத்தை நடத்துவோரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் ஒன்று, தெருவில் வண்டியை நடத்தும் அதிகாரம் மற்றொன்று. ஆனால் இவ்விரண்டுக்கும் ஒரு பேதம் உண்டு. வாக்குரிமையைக் கொடுக்கும்பொழுது சர்க்கார் யாரையும் பரீட்சிப்பதில்லை. லைசென்ஸைக் கொடுக்கும்பொழுது பரீட்சிக்கிறது. காரணம் வெளிப்படை. தவறிப் போட்ட வாக்கை ஐந்து வருஷத்தில் திருத்திக்கொள்ளலாம். தவறித் திருப்பிய வண்டியின் கீழே அகப்பட்டவனை மீட்டுத் தர எந்தத் தேர்தலாலும் ஆகாது.

இவ்வளவு பெரிய விஷயத்தைப் புதுச்சேரியில் நாம் எவ்விதம் கருதுகிறோம்? நமது பேச்சே அதைக் காட்டிக்கொடுக்கிறது. "லைசென்ஸ் எடுத்தாயிற்றா?" என்றுதான் கேட்கிறோமே யன்றி, "வண்டி ஓட்டக் கற்றாயிற்றா?" என்று கேட்பாரில்லை. கடையில் அரிசி எடுப்பதைப்போலும் துணி எடுப்பதைப்போலும் லைசென்ஸையும் எடுக்கும் பொருளாக எண்ணிவிட்டோம். எடுக்கும் பொருளென்று ஆனபின், அதை யார் எடுத்துக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் தானே வருகிறது. தரகர்களின் பிழைப்பு இந்த எண்ணத்தின்மீதே நிற்கிறது. முதல் லைசென்ஸ் பெறும் முறையை இன்று நாம் விவரிக்கப் புகுந்ததன் நோக்கம், அது தரகன் துணையின்றி எந்தச் சாமானியனும் தானே செய்துகொள்ளக்கூடிய காரியம் என்பதையும், தானே செய்துகொள்ள வேண்டிய காரியம் என்பதையும் எடுத்துக்காட்டுவதேயாம்.

லைசென்ஸ் பிறந்த கதையைச் சற்றே கவனிப்போம். பிரான்சில் 1893-ம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி பாரிஸ் நகரப் போலீஸ் தலைமை அதிகாரி பிறப்பித்த உத்தரவு, மோட்டார் வண்டி ஓட்டுவோர் தங்கள் திறமைக்கு அத்தாட்சி பெறவேண்டுமென்று கட்டளையிட்டது. 1899-ம் வருஷம் மார்ச்சு 10-ந் தேதி வெளியான சாசனம் இவ்விதியைப் பிரான்ஸ் முழுமைக்கும் விஸ்தரித்தது. சுரங்க இலாகா எஞ்சினீயர்கள் பரீட்சை செய்த பிறகே அத்தாட்சி கிடைத்தது. இங்கிலாந்தின் வழி வேறு. அங்கே 1903-ம் வருஷத்துச் சட்டப்படி 5 ஷில்லிங் கட்டணம் செலுத்தினால் லைசென்ஸ், பரீட்சை ஒன்றுமில்லை. அதன் பலனை அந்நாடு அனுபவித்தது. 1934-ம் வருஷத்தில் மட்டும் பிரிட்டிஷ் ரஸ்தாக்களில் 7,343 பேர் மாண்டனர். அதன் பிறகே 1935-ம் வருஷம் ஜூன் 1-ந் தேதி முதல் பரீட்சை கட்டாயமாயிற்று. ரசீதாகக் கொடுக்கப்பட்ட லைசென்ஸ் உயிரைக் காக்கவில்லை என்பதை அறிய ஒரு வல்லரசுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது.

நமது புதுச்சேரி இவ்விரு வல்லரசுகளின் சட்டங்களுக்கும் இடையே கிடந்த ஊர். எல்லைக்கு அப்பால் 1914-ம் வருஷத்து இந்திய மோட்டார் வாகனச் சட்டமும், பின்னர் 1939-ம் வருஷத்துச் சட்டமும் நடந்தன. எல்லைக்கு இப்பால் பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1954-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி அது சட்டபூர்வமாக உறுதிப்பட்டது. இன்று புதுச்சேரி, காரைக்கால், மாஹே, யானாம் ஆகிய நான்கு பகுதிகளுக்கும் தேசம் முழுமைக்கும் உரிய ஒரே சட்டந்தான். கோட்டக்குப்பத்தைத் தாண்டும் நமது வாலிபனைத் தமிழ்நாட்டுப் போலீஸார் நிறுத்தினாலும் இங்கே பெற்ற லைசென்ஸே செல்லும். அன்று எல்லை தாண்ட அஞ்சி மறைந்து வாழ்ந்த தேசபக்தர்களுக்குப் புகலளித்த ஊரில், இன்று ஒரு சிறு அட்டை இமயம் வரை வழிவிடுகிறது. அதை யோக்கியமான வழியில் பெறுவது நமது பொறுப்பு.

யார் பெறலாம் என்பதை முதலில் பார்ப்போம். கார், மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர் ஆகியவற்றுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். வாடகை வண்டி, சரக்கு வண்டி முதலிய டிரான்ஸ்போர்ட் வண்டிகளுக்கு 20. எஞ்சின் அளவு 50 சி.சி.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளை மட்டும் 16 வயதில், பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்தின்பேரில், ஓட்ட அனுமதி பெறலாம். இந்தக் கடைசி விதியைப் பெற்றோர் பலர் பிசகாக அர்த்தம் செய்துகொள்கிறார்கள். கியர் இல்லாவிட்டால் போதும், 16 வயதுப் பையன் ஓட்டலாம் என்று நினைக்கிறார்கள். இன்று தெருவில் ஓடும் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 110 அல்லது 125 சி.சி. எஞ்சின் உள்ளவை. மூட்டை ஏற்றும் மொபெட்டுகூட 100 சி.சி.யை ஒட்டியது. பள்ளிக்கூடப் பையன் கையில் இவற்றைக் கொடுப்பதற்குச் சட்டத்தில் எந்த இடமுமில்லை. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும் 250 வாட்டுக்கு மேற்படாத சக்தியும் கொண்டு, உரிய அங்கீகாரம் பெற்ற பாட்டரி வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் தேவையில்லை.

சட்டத்தை மீறினால் என்ன நேரும்? 2019-ம் வருஷம் செப்டம்பர் 1-ந் தேதி அமலுக்கு வந்த திருத்தங்கள் கடுமையானவை. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவோனுக்கு முன்பு 500 ரூபாய் வரையில் இருந்த அபராதத்தைச் சட்டம் 5,000 ரூபாயாக உயர்த்தியது. மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கலாம். தெரிந்து வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் அதே தண்டனை. 18 வயது நிரம்பாத சிறுவன் ஓட்டிக் குற்றம் புரிந்தால், காப்பாளரோ வண்டிச் சொந்தக்காரரோ குற்றவாளியாகவே கருதப்படுவர். தமக்குத் தெரியாமல் நடந்ததென்றோ, தடுப்பதற்கு வேண்டியதைச் செய்தோமென்றோ நிரூபித்தாலன்றி, 25,000 ரூபாய் அபராதத்துக்கும் மூன்று வருஷம் வரை சிறைக்கும் உள்ளாவர். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அப்பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. மகன்மீது கொண்ட பிரியத்தால் சாவியைக் கொடுக்கும் தந்தை, அவனுடைய வாலிபப் பருவத்தின் ஏழெட்டு வருஷங்களைத் தம் கையாலேயே பறித்துக்கொள்கிறார்.

இனி, முறை. முதற்படி எல்.எல்.ஆர். என்று யாவரும் அழைக்கும் பழகுநர் லைசென்ஸ். மத்திய சர்க்காரின் 'சாரதி' என்னும் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வயதுக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சி, புகைப்படம், உடல் தகுதியைப்பற்றி விண்ணப்பதாரர் தாமே கையெழுத்திடும் முதல் நமூனாப் படிவம் ஆகியவை வேண்டும். டிரான்ஸ்போர்ட் வண்டி ஓட்டப் போகிறவர்களுக்கு டாக்டர் அத்தாட்சியும் வேண்டும். முதல் நமூனாவில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில், 25 மீட்டர் தூரத்திலுள்ள காரின் நம்பர் பலகை உமக்குத் தெரிகிறதா என்பது. மூக்குக் கண்ணாடி அணிந்து பார்த்தால் போதும். இதைப் படிக்காமலே கையெழுத்திடுவோர் எத்தனை பேர்! வாசகர்கள் தம் வீட்டு வாலிபனைத் தெருவில் நிறுத்தி, 25 மீட்டர் அளந்து, இதைச் சோதித்துப் பார்க்கட்டும். கண்ணாடி வேண்டுமென்று தெரியவந்தால், அந்த ஒரு லாபமே போதும்.

எல்.எல்.ஆருக்கும் ஒரு பரீட்சை உண்டு. ரஸ்தாச் சின்னங்களும் விதிகளும், விபத்து நேர்ந்தால் ஓட்டுவோன் செய்ய வேண்டியவை, காவலில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை, வண்டியில் வைத்திருக்க வேண்டிய தஸ்தாவேஜுகள் ஆகிய நான்கு விஷயங்களில் கேள்விகள் வரும். நூற்றுக்கு 60 வீதம் சரியாக விடையளித்தால் தேர்ச்சி. 2021-ம் வருஷம் மார்ச்சில், எல்.எல்.ஆர். உள்ளிட்ட 18 சேவைகளை ஆதார் அத்தாட்சியின்பேரில் ஆபீஸுக்குப் போகாமலே பெறுவதற்கு மத்திய சர்க்கார் வகை செய்தது. சௌகரியம் பெருகப் பெருகச் சோதனையும் பெருகுகிறது. கம்ப்யூட்டரின் முன் ஒருவன் உட்கார, பக்கத்தில் நின்று மற்றொருவன் விடை சொல்லிக் கொடுத்தால் கேட்பாரில்லை. அவ்விதம் தேறியவன் யாரை ஏமாற்றினான்? சர்க்காரையல்ல, நாளைக்குத் தன் வண்டியின் எதிரே தெருவைக் கடக்கப்போகும் கிழவியை ஏமாற்றினான்.

எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். அது கையில் வந்த மாத்திரத்தில் தனியாக வண்டி ஓட்டலாம் என்பது பெரும் பிசகு. முன்னும் பின்னும் வெள்ளைப் பலகையில் சிவப்பு 'எல்' எழுத்து இருக்கவேண்டும். கார் என்றால், லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை உடனே நிறுத்தக்கூடிய விதத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கவேண்டும். மோட்டார் சைக்கிள் என்றால், கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ்தாரரைத் தவிர வேறொருவரையும் பின்னால் ஏற்றலாகாது. எல்.எல்.ஆர். பெற்று 30 நாள் கழிவதற்குமுன் ஓட்டும் பரீட்சைக்குப் போக முடியாது. இந்த முப்பது நாளைத் தடையாக நினைப்பது தவறு. சட்டம் வாலிபனுக்குக் கொடுக்கும் பள்ளிக்கூடம் அது.

புதுச்சேரியைப்போல இதற்கேற்ற பள்ளிக்கூடம் அரிது. பெரிய வாய்க்காலின் இருமருங்கிலும் சதுரங்கப் பலகைபோல் தெருக்கள் குறுக்கும் நெடுக்கும் வெட்டிச் செல்கின்றன. சில கெஜத்துக்கு ஒரு சந்திப்பு. எல்லாச் சந்திப்பிலும் விளக்கோ போலீஸ்காரரோ இல்லை. இப்படிப்பட்ட சந்திப்பில், இரண்டு தெருக்களும் சமமானவையானால், வலப்புறத்திலிருந்து வருவோனுக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இந்த ஒரு விதியை நமது ஊரார் எல்லாரும் அனுசரித்தால் எத்தனை எலும்புகள் முறியாமல் தப்பும்! நேரு வீதியின் நெருக்கடியில் பொறுமையைக் கற்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில், வேகம் கூடும்பொழுது வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்கிறதென்று கற்கலாம். மாலை வேளையில் வண்டிகளை விலக்கி ஜனங்களுக்கு விட்டுவிடும் கடற்கரைச் சாலையிலோ, ரஸ்தா என்பது நடப்பவனுக்கும் சொந்தம் என்பதைக் கற்கலாம்.

முப்பது நாள் கழிந்தபின் ஓட்டும் பரீட்சை. முதலியார்பேட்டை 100 அடி ரோட்டிலுள்ள போக்குவரத்துத் துறை ஆபீஸை நம்மூரில் அறியாதார் இல்லை. நம் பக்கத்தில் இப்பரீட்சைக்கு 'எட்டுப் போடுவது' என்றே பெயர் வழங்கிவிட்டது. எட்டுப் போடுவது பரீட்சையில் ஒரு சிறு அம்சமே. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 15-வது விதியைப் படித்தால் உண்மை விளங்கும். பின்புறம் காட்டும் கண்ணாடியைச் சரிசெய்தல், ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி கிளப்புதல், முந்துதல், முந்த வருவோனுக்கு இடம் கொடுத்தல், எதிர்பாராத சமயத்தில் நிறுத்துதல், பின்னோக்கி ஓட்டிக் குறுகிய இடத்தினுள் புகுதல், போலீஸ்காரரின் சைகைக்கு உடனே கீழ்ப்படிதல் என்று விதி ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. இவற்றுள் எதையும் தரகன் கற்றுக் கொடுப்பதில்லை. பரீட்சையில் தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று தடவை தவறினால் 60 நாள் பொறுத்து, உரிய பயிற்சியும் பெற்று வரவேண்டும். தவறுவதில் அவமானம் ஒன்றுமில்லை. பரீட்சை மைதானத்தில் தவறுவதனால் போவது ஒரு வாரம். ரஸ்தாவில் தவறுவதனால் போவது எதுவென்று கூறவேண்டியதில்லை.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் நமது ஊரில் அநேகம். அவர்களைக் கேட்டால் அங்குள்ள நிலைமை தெரியும். கியர் மாற்றி ஓட்டும் காருக்குப் பரீட்சைக்குமுன் குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி பெற்றே தீரவேண்டும். தேறிய பின்னும் முழு நம்பிக்கை வைப்பதில்லை. 12 புள்ளிகளில் 6 மட்டும் கொடுத்து, சாதாரணமாக மூன்று வருஷம் சோதனையில் வைக்கிறார்கள். குற்றம் செய்யச் செய்யப் புள்ளி குறையும். புள்ளி தீர்ந்தால் லைசென்ஸும் தீர்ந்தது. இவ்வளவு கட்டுப்பாட்டுடன்தான் 2024-ம் வருஷம் ஜனவரி முதல் கார் லைசென்ஸின் வயதை 17 ஆகக் குறைத்தார்கள். இந்தியாவிலும் பயிற்சிக்கு மதிப்புத் தரும் முயற்சி 2021-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி தொடங்கியது. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் காருக்கு 29 மணி நேரப் பயிற்சி பெற்றுத் தேறியவருக்கு மட்டும் ஆபீஸில் ஓட்டும் பரீட்சையிலிருந்து விலக்கு உண்டு. சாதாரண டிரைவிங் ஸ்கூல் சர்ட்டிபிகேட்டுக்கு இந்த விலக்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று யாரேனும் சொன்னால் நம்பலாகாது.

செலவைக் கணக்கிடுவோம். மத்திய விதிகளின்படி எல்.எல்.ஆருக்கு வண்டி வகை ஒன்றுக்கு 150 ரூபாய், அதன் பரீட்சைக்கு 50, ஓட்டும் பரீட்சைக்கு வகை ஒன்றுக்கு 300, லைசென்ஸுக்கு 200. ஆக, மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் 700 ரூபாய். காரையும் சேர்த்தால் 1,150 ரூபாய். உள்ளூர் சர்க்கார் விதிக்கும் கட்டணம் ஏதேனும் இருந்தால் அது வேறு. இதற்குமேல் தரகன் கேட்கும் ஒவ்வொரு ரூபாயும் எதற்கென்று கேட்க நமது ஜனங்களுக்கு உரிமை உண்டு.

இதற்கு ஓர் ஆட்சேபம் சொல்லலாம். தினக்கூலி வாங்கும் தொழிலாளி ஆபீஸுக்கு இரண்டு மூன்று நாள் அலைந்தால் அந்நாள் கூலி போகிறது. இணையதளம் அவனுக்குப் பழக்கமில்லை. ஆகவே தரகனிடம் போகிறான். இதில் அவன் குற்றமென்ன? இந்த ஆட்சேபத்தை நாம் தள்ளிவிட மாட்டோம். இதில் நியாயம் உண்டு. ஆனால் இதற்குப் பரிகாரம் தரகனல்ல. தேச சேவையில் ஈடுபட்ட நமது ஊழியர்கள் கட்சி பேதமின்றி ஒவ்வொரு பேட்டையிலும் வாரத்தில் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். வாசகசாலையிலோ சங்கக் கட்டிடத்திலோ உட்கார்ந்து, விண்ணப்பத்தை இலவசமாகப் பூர்த்தி செய்து கொடுக்கட்டும். ரஸ்தாச் சின்னங்களைத் தமிழில் விளக்கட்டும். ஆபீஸில் காரணமின்றி அலைக்கழித்தால், எழுத்து மூலம் முறையிடத் துணை நிற்கட்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு வீடாகப் போகும் ஊழியருக்கு இது பெரிய காரியமல்ல.

2019-ம் வருஷம் பிப்ரவரியில் தலைக்கவச விதி காரணமாக நமது ஊரில் எழுந்த கிளர்ச்சியை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். துணைநிலை ஆளுநர் மாளிகையின் முன் முதலமைச்சரே தர்ணாவில் அமர்ந்தார். அதிகாரம் யாருடையது என்ற விவாதம் அரசியலில் முக்கியமானதே. அதைப்பற்றி இங்கே தீர்ப்புச் சொல்ல நாம் புகவில்லை. ஆயினும் அந்த ஆரவாரத்தில், கவசம் யார் தலைக்கு என்ற கேள்வி பின்னே போய்விட்டது. 2022-ம் வருஷத்தில் இந்திய ரஸ்தாக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டியில் சென்றவர்கள். எந்த யுத்தமும் நடவாத ஒரு வருஷத்தில் இத்தனை பிரஜைகளைத் தேசம் இழந்திருக்கிறது.

உயிர் தப்பினாலும் குடும்பம் தப்பாது. விபத்தில் நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பைப்பற்றி 2004-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு விளக்கம் அளித்தது. லைசென்ஸ் இல்லாதவனிடம் சொந்தக்காரர் அசட்டையாக வண்டியைக் கொடுத்தாரென்று நிரூபணமானால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டுப் பிறகு சொந்தக்காரரிடம் அதை வசூலித்துக்கொள்ள இடமுண்டு. லட்சக்கணக்கான அத்தொகைக்கு வீட்டை விற்க நேரும். இதற்கு மாறாக, முறையாகப் பெற்ற லைசென்ஸ் ஜீவனோபாயத்துக்கும் உதவும். இலகு ரக வண்டி லைசென்ஸ் உள்ளவர், 7,500 கிலோவுக்கு உட்பட்ட அவ்வகை டிரான்ஸ்போர்ட் வண்டியைத் தனி அனுமதியின்றி ஓட்டலாமென்று 2024-ம் வருஷம் நவம்பர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். ஆட்டோவோ சிறு சரக்கு வண்டியோ ஓட்டிப் பிழைக்க நினைக்கும் வாலிபனுக்கு இது பெரிய வாசல்.

ஸ்திரீகளை மறந்துவிடலாகாது. 1898-ம் வருஷத்திலேயே பிரான்சில் உஸே சீமாட்டி பரீட்சை கொடுத்து அத்தாட்சி பெற்றார். நம் வீட்டுப் பெண்கள் ஸ்கூட்டரில் குழந்தைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகிறார்கள். ஆனால் லைசென்ஸைப்பற்றி வீட்டில் பேச்செடுக்கும்பொழுது மகனைப்பற்றி மட்டுமே பேசுகிறோம். மகளுக்கும் மனைவிக்கும் அதே பயிற்சியும் அதே பரீட்சையும் வேண்டும்.

30 வயதுக்குமுன் பெறும் சொந்த வண்டி லைசென்ஸ் 40 வயது வரையில் செல்லும். 18 வயதில் பெறுபவனுக்கு அது 22 வருஷத்து நம்பிக்கை. இவ்வளவு நீண்ட காலத்துக்கு முன்பின் அறியாதவர்கள் தம் உயிரை அவன் கையில் ஒப்படைக்கிறார்கள். அந்த நம்பிக்கையைத் தரகன் மூலம் விலைக்கு வாங்குவது நமது ஊருக்கு அழகல்ல. புதுச்சேரி வாலிபர்கள் தாமே விண்ணப்பித்து, தாமே கற்று, தாமே பரீட்சையில் நின்று, தேறாவிட்டால் மறுபடி நின்று, தம் முதல் லைசென்ஸைப் பெறுவார்களாக. பெற்றோர் அதுவரையில் சாவியைத் தம் கையிலேயே வைத்திருப்பார்களாக.